சிப்பிப் பருவம் தொடங்கும் முன்னே

தமிழ்நாடு மீன்வளத் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும்,

வணக்கம். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். 500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். குளச்சல், கடியபட்டணம் பாறைகளில் எங்கள் ஆட்கள் முங்கிப் பறிக்கிறார்களே, அதே பழுப்புச் சிப்பிதான். அதற்கு முன்பே, 1981இல், தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 3 பேர் இறந்திருக்கிறார்கள்.

சிப்பியில் விஷம் தானாக ஊறுவதில்லை. அது ஓயாமல் கடல்நீரை உறிஞ்சி வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று வாழ்கிறது. அந்தப் பாசிகளில் சில வகை சாக்சிடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அவை பெருகும் நாட்களில் தின்னத் தின்ன நஞ்சு சிப்பிக்குள் சேர்ந்துகொண்டே போகும். சிப்பி நன்றாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிட்டவருக்கோ அரை மணி நேரத்திலேயே உதடு மரத்துப்போகலாம், பிறகு நாக்கு, விரல்கள். நஞ்சு மிகுந்தால் மூச்சே நின்றுவிடும். முறிமருந்து கிடையாது.

"நல்லா வேகவச்சா ஒண்ணும் செய்யாது" என்று எங்கள் பெண்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. இந்த நஞ்சு கொதியில் அழியாது, புளியில் முறியாது. வேகும்போது சாற்றிலும் இறங்கும்; அந்தச் சாற்றைத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறோம். கடல் சிவந்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. நிறம் மாறாத நீரிலும் இது நடக்கும்.

ஆகவே, பருவம் முழுக்க 15 நாளுக்கு ஒருமுறை எங்கள் பாறைகளின் சிப்பியைச் சோதியுங்கள். கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் நஞ்சு என்ற வரம்பைத் தாண்டினால் அன்றைக்கே கோயில் மைக்கில் ஊருக்குச் சொல்லுங்கள். சிப்பி, மட்டி என்று பெயர் சொல்லியே அறிவியுங்கள். பொதுவாகக் 'கடல் உணவு வேண்டாம்' என்றால் நெய்மீன்கூட விலைபோகாது. பறிக்கக் கூடாத நாட்களுக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் தருவதுபோல நிவாரணமும் வேண்டும். அடுப்பு எரியாத வீட்டுக்காரர் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே கடலில் இறங்குவார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் எழுதுங்கள். உதடு மரத்து வருபவரிடம் "சிப்பி சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்கட்டும். செயற்கைச் சுவாசம் கொடுத்து முதல் 12 மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சிப்பி பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவள்
கன்னியாகுமரி மாவட்டம்