நெட்வொர்க்கிங் படிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங் வேலை ஒத்துவருமா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே ஒத்துவரும் அம்மா. எங்கே இடிக்கிறது என்று பொறுமையாகத் தேடுகிறவர்களுக்கான வேலை இது, நீ மாதக் கடைசியில் செய்வதும் அதைத்தானே. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கேபிள் இழுத்தே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கான வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதே. நல்ல சான்றிதழ்தான், பிறகு எழுதலாம். இப்போதே, நெட்வொர்க் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் பண்ணினால் பெயர்கள் மட்டும்தான் மனதில் நிற்கும். அதற்குப் பதிலாக உன் விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, லேப்டாப்பின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்துப் பார். 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தால், பெரும்பாலும் வீட்டு ரவுட்டர் கொடுத்ததுதான். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரைக் கேட்டும் பதில் வராததால் லேப்டாப் தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் பிங் (ping), அதாவது இன்னொரு கருவி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை. இணையம் வரவில்லையா, முதலில் ரவுட்டரை பிங் பண்ணு, பதில் வந்தால் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியை, அதற்கும் பதில் வந்து இணையத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படு. ரவுட்டரே பேசவில்லை என்றால் கேபிளைப் பார். பக்கத்திலிருந்து தூரத்துக்கு, இந்த வரிசையை விடவே விடாதே. என்னோடு வேலை செய்த பையன்கள் பலர் வந்ததும் ரவுட்டரை ரீசெட் பண்ணிவிடுவார்கள், செட்டிங் எல்லாம் அழிந்துபோகும், கோளாறு எங்கே இருந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பார்க்கவே வயிறு எரியும்.

ஒரு நெட்வொர்க்கில் எத்தனை முகவரிகள் என்று பார்க்கும் சப்நெட் கணக்கு ஆரம்பத்தில் மிரட்டும். நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் குறி /24 என்றால் 256 முகவரிகள், முதலும் கடைசியும் போக 254 கருவிகளுக்குக் கொடுக்கலாம். தாளில் போட்டுப் பழகு, கால்குலேட்டர் வேண்டாம்.

வீட்டில் பயிற்சி செய்ய நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பேக்கட் டிரேசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் கையால் தொட்டுப் பழகுவது வேறு. புக்கிட் பிந்தாங் பக்கம் போனால் லோ யாட் கணினிக் கடை வளாகத்தில், முனையைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பர் ஒன்று, கேபிளின் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனைகள், கொஞ்சம் கேட்6 நெட்வொர்க் கேபிள் வாங்கிக்கொள். முனையின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, கேபிளின் எட்டுக் கம்பிகளையும் இந்த வரிசையில் அடுக்கு: இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கம்பிகளை ஒரே மட்டமாக வெட்டி, எட்டும் முனையின் அடிவரை முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அழுத்து.

தீபாவளிக்குப் பினாங்கு வரும்போது நீ செய்த கேபிளை எடுத்து வா, என் டெஸ்டரில் போட்டுப் பார்ப்போம்.

அப்பா