குமரி மாவட்ட நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு, வணக்கம்.

மகளிர் நாள் வந்தால் எங்கள் தெரு டீச்சரை மேடைக்கு அழைக்கிறார்கள். போர்த்திய பொன்னாடைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதுகூட இல்லை. தையல் பழகும் பெண்களிடம் கொடுத்துவிடுவார். பெயரை எழுதக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஆகவே டீச்சர் என்றே எழுதுகிறேன்.

ஓய்வூதியத்தில் பாதி யார் யாருடைய பள்ளிக் கட்டணமாகவோ போகிறது. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் வரிசையில் நிற்பார். தெருக்குழாய், பெண்களுக்கான கழிப்பறை, ஆகாயத்தாமரை மூடிய குளம் என்று ஏதாவது ஒரு மனு கையில் இருக்கும்.

நான் அவரை முழுதாக அறிந்தது 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகுதான். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போய், பஸ் மாறி, தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போனோம். கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது சட்டம். அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தர முன்வந்தபோதும், போலீஸ் புகாரிலிருந்து வாரிசுச் சான்று வரை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். டீச்சர் வீட்டு வாசல்களில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். ஒரு பெண் கையெழுத்துப் போட மறுத்தாள். போட்டால் அவன் செத்துவிட்டதாக ஆகிவிடுமாம். டீச்சர் வற்புறுத்தவில்லை. மூன்று முறை திரும்பப் போய், அவளோடு சும்மா இருந்துவிட்டு வந்தார். நான்காம் முறை அவளே பேனாவைக் கேட்டாள்.

1957-இல் குளச்சலில் வென்று, அன்றைய காமராஜர் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்ணாக உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் கவனித்த லூர்தம்மாள் சைமன் நம் கடற்கரையின் மகள். இன்று உள்ளாட்சி இடங்களில் பாதி உங்களுடையது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டீச்சருக்கு விழா வேண்டாம். 2022-இல் நகரங்களுக்கும் பகுதி சபைகள் வந்தன. கிராம சபைபோல வார்டு மக்கள் நேரில் கேள்வி கேட்கும் இடம் அது. உங்கள் வார்டில் அதைத் தவறாமல் கூட்டுங்கள். கூடும் தேதியை நான்கு நாள் முன்பே தெருத்தெருவாகச் சொல்லுங்கள். மீன் விற்கப் போகும் பெண்களும் வர முடிகிற மாலை நேரமாகப் பாருங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். 1956-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. அன்றே தொடங்கலாம்.

டீச்சர் வருவார். குளத்தங்கரை விளக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பார். பதிலோடு வாருங்கள்.

அன்புடன்,
டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரி
நாகர்கோவில்