அறுபது பிக்சலில் ஒரு முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ல் அதே நாளில்தான் பிரெஞ்சுக்காரரான டாகுவேர் கண்டறிந்த படம்பிடிக்கும் முறை பாரிஸில் உலகுக்கு விளக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது புதிய கேமரா, புதிய போன், எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சுத்தான் அதிகம். எடுத்த படம் பிறகு என்ன ஆகிறது என்று கேட்பார் இல்லை. படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அன்றாடம் பார்க்கிற ஒரு குறையை உங்கள் வாசகர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் ஸ்டூடியோவுக்கு ஒரு படம் வந்து சேரும். பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தாருங்கள் என்பார்கள். வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு விழாவில் எடுத்த குரூப் போட்டோ. அதுவும் வாட்ஸ்அப்பில் நாலைந்து பேர் கைமாறி வந்ததாக இருக்கும். குடும்பத்தார் போன்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. அவர் மட்டும் தனியாக, நல்ல வெளிச்சத்தில், நம்மைப் பார்த்தபடி இருக்கிற படம் ஒன்றுகூட இருக்காது.

கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். பிக்சல் என்பது டிஜிட்டல் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய புள்ளி. 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலம் 4000 பிக்சல், உயரம் 3000 பிக்சல். பத்துப் பேர் ஒரே வரிசையில் நின்றால் ஆளுக்கு 400 பிக்சல் அகலம். தோளும் இடைவெளியும் போக, முகத்துக்குக் கிடைப்பது 150 பிக்சல் அளவுதான். அதை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். முகம் 60 பிக்சலுக்கு வந்துவிடும். நல்ல பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த முகத்தைக் குறையில்லாமல் அச்சிடக்கூடிய அகலம் 5 மில்லிமீட்டர். அவர்கள் கேட்பதோ ஃபிரேமுக்குள் நாலு அங்குல அகலத்தில் முகம். அதற்கு 1200 பிக்சல் தேவை. கையில் இருப்பதை இருபது மடங்கு இழுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு செயலி இருக்கிறதே, நொடியில் தெளிவாக்கித் தருமே என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் செயலி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 பிக்சல் முகத்தில் ஒரு கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் இருந்தாலே அதிகம். அதில் இமை முடியும் கிடையாது, கருவிழியின் கோடும் கிடையாது. இல்லாததை மீட்க முடியாது. ஆகவே அது கற்றுக்கொண்ட எண்ணற்ற முகங்களின் சாயலை வைத்துப் புதிதாகக் கண்ணை வரைகிறது, பல்லை வரைகிறது, தோலை வரைகிறது. கன்னத்து மச்சத்தைப் புள்ளி என்று நினைத்து அழித்துவிடும். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும் இமையை நேராக்கிவிடும். முன்பல் இடைவெளியை மூடிவிடும். முதல் பார்வைக்குப் படம் பளிச்சென்று இருக்கும். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர் மட்டும் பார்த்துவிட்டு, “ஏதோ மாதிரி இருக்கிறதே” என்பார். அவர் சொல்வது சரி. அது அவருடைய துணையின் முகமே அல்ல.

அப்படித் திருத்திய படம் வந்தால் பல் வரிசை, காது மடல், கண்ணாடிச் சட்டம் காதோடு சேரும் இடம், இரு கண்களிலும் தெரியும் ஒளிப்புள்ளி ஆகியவற்றை மூலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். தவறு அங்கேதான் முதலில் தெரியும். முகம் சிறியதாகவே இருந்தால் பெரிதாக்காமல், சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து, நடுவில் சிறிய பிரிண்டாக வைக்கச் சொல்லுங்கள். சிறிய உண்மையான முகம் பெரிய கற்பனை முகத்தைவிட மேலானது. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வது எங்கள் தொழில்காரர்களின் கடமை என்றும் நினைக்கிறேன்.

இந்த நிலை வராமல் தடுக்க அரை மணி நேரமும் ஒரு ஜன்னலும் போதும். விலையுயர்ந்த கேமரா வேண்டாம்.

நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பார்த்து, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு, வீட்டுப் பெரியவரை, முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழும்படி உட்கார வையுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாக வரும், பிறகு திருத்துவது பெரும்பாடு. நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியையோ அட்டையையோ யாராவது பிடித்துக்கொண்டால் போதும். போன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். படம் பனி மூடியதுபோல் வருவதற்குப் பாதிக் காரணம் லென்ஸில் படிந்த விரல் பிசுக்கு.

இனி, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. வித்தியாசம். போனை முகத்திலிருந்து 40 செ.மீ. தூரத்தில் நீட்டிப் பிடித்தால் காது 52 செ.மீ. தள்ளி இருக்கும். அதனால் காதோடு ஒப்பிட, மூக்கு 30 சதவீதம் ஊதித் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். செல்ஃபியில் தன் முகம் தனக்கே பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம், முகத்தின் மேல் குற்றமில்லை. எனவே தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் (2x) லென்ஸ் இருந்தால் அதை வைத்து எடுங்கள். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது அழிக்கும் சுருக்கங்களில்தான் அவர் இருக்கிறார். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் கணக்குப் போட்டுச் செய்கிற வேலைதான். தலைமுடி ஓரத்திலும் கண்ணாடிக் காம்பிலும் பிசகிவிடும். அதில் ஒன்று எடுத்தால் சாதாரண முறையிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கண்ணாடி அணிந்தவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள், கண்ணாடியும் அவர் முகம்தான். அதில் ஜன்னல் பிரதிபலித்தால், காம்பைக் காதுக்கு மேல் ஓரிரு மில்லிமீட்டர் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகிவிடும். திரையில் அருகிலிருக்கும் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். வெள்ளைச் சட்டை என்றால் கேமரா திரையில் வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள். “சிரியுங்கள்” என்று சொன்னால் எவர் முகமும் இறுகும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள். சிரித்து முடித்த அடுத்த நொடியில் முகம் தன் இயல்புக்கு வரும், அப்போது எடுத்த படம்தான் பெரும்பாலும் நிற்கும். கண் இமைப்பதால் பத்துப் பன்னிரண்டு படமாவது எடுக்க வேண்டும். எடுத்ததில் இரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை அன்றே நீக்கிவிடலாம். அந்தத் தேர்வைத் தள்ளிப்போட்டால் ஒருநாளும் நடக்காது.

அந்த இரண்டு படங்களையும் உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்ட் ஆக இணைத்து அனுப்புங்கள். அப்போதுதான் மூலக் கோப்பு அப்படியே போகும், எடுத்த தேதியும் கூடவே போகும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருங்கத்தான் செய்யும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி, இன்றும் அதுவே சரி. போனும் கிளவுடும் இணைந்திருப்பதை மட்டும் நம்பக்கூடாது. போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும்படி பல செயலிகள் அமைந்திருக்கின்றன. தவறி அழித்துவிட்டால் குப்பைப் பகுதியில் பொதுவாக 30 நாள் வரை இருக்கும், உடனே பாருங்கள். மெமரி கார்டில் அழிந்துபோனால் அந்த கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. அழிந்தது உள்ளேதான் இருக்கும், புதிய படம் அதன்மேல் எழுதப்படும்போதுதான் உண்மையில் போய்விடும். பென் டிரைவை வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைப்பதும் ஆபத்து. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசிந்து கோப்பு கெட்டுப்போகலாம்.

இதற்கெல்லாம் மேலாக, பிரிண்ட் போடுங்கள். பிரெஞ்சுக்காரரான நியெப்ஸ் 1826 அல்லது 1827-ல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த, இன்று எஞ்சியிருப்பதில் மிகப் பழைய கேமரா படம், தார் பூசிய ஓர் உலோகத் தகட்டில் இருக்கிறது. இன்று அது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வெளிச்சத்தில் சரியான கோணத்தில் பார்த்தால் கூரைகளும் சுவர்களும் தெரியும். கடவுச்சொல்லும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

பிரிண்ட், ஃபிரேமின் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போட வேண்டும். ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பசைப் பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பங்களில் இருக்கும் படங்களுக்கும் இதே அவசரம் உண்டு, அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைக் கறைப்படுத்தும். பழைய பிரிண்டுகளை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் போதுமானது. ஸ்கேன் ஆகிவிட்டது என்று நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்டில் இல்லாத விவரம் நெகட்டிவில் இருக்கும்.

படத்தின் பின்பக்கம் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்தோடு உறையில் வையுங்கள். ஆண்டு, இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள். ‘பெரியப்பா’, ‘அத்தை’ என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யார் என்று தெரியாது, முழுப் பெயரையே எழுத வேண்டும். அந்தப் பெயர்களை எல்லாம் அறிந்தவர் ஒரு வீட்டில் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். படம் எடுக்க அவரை ஜன்னலருகே உட்கார வைத்த அன்றே, பழைய ஆல்பத்தையும் அவர் மடியில் வைத்து, பக்கத்தில் போனின் குரல் பதிவைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டி இது யார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக் கலைஞர்