பினாங்குச் சபையாருக்கும் பெயர் கேளாமல் பிரிந்தவர்களுக்கும் நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான மலேசியாவின் பினாங்கு, பட்டர்வொர்த், நிபோங் திபால் சபையாருக்குப் பாளையங்கோட்டை வாலிபர் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

நாங்கள் 14 பேர் உங்களிடம் எட்டு நாள் தங்கி, ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எட்டு நாளுக்கும் நன்றி சொல்லப் புகுந்தால் மடல் நீண்டுவிடும். ஆகவே பிள்ளைகள் முகாம் நடந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் அதிகம் தடுமாறியதும் நீங்கள் அதிகம் தாங்கியதும் அன்றுதான்.

அன்று காலை பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனிலிருந்து எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் படகில் கடந்தபோது, பொம்மலாட்டப் பொம்மைகள் இருந்த பெட்டியைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். தவறு முழுக்க எங்களுடையது. கடலையும் தூரத்துப் பாலத்தையும் படம் பிடிப்பதில் இருந்த கவனம் பெட்டியின்மேல் இல்லை. படகு பெட்டியோடு தீவுக்குத் திரும்பிவிட்டது. தீவிலிருந்து வரக் கட்டணம் இல்லை, தீவுக்குப் போகத்தான் ஆளுக்கு 2 ரிங்கிட், அதையும் ரொக்கமாக வாங்கமாட்டார்கள் என்பதெல்லாம் பெட்டியை எடுத்துவரக் கையில் நோட்டோடு நின்ற எங்கள் குழுத் தம்பி ஒருவனுக்குத் தெரியாது. வரிசையில் பின்னால் நின்ற தமிழ் ஐயா ஒருவர், வேலைக்குப் போகும் அவசரத்திலும், தம் கட்டண அட்டையைத் தட்டி அவனை உள்ளே அனுப்பியதோடு, அக்கரையில் பணியாளரிடம் மலாய் மொழியில் விவரம் சொல்லிப் பெட்டியையும் மீட்டுக் கொடுத்தார். நீட்டிய நோட்டை வாங்காமல், "ரெண்டு வெள்ளிதானே தம்பி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாராம். வெள்ளி என்றால் ரிங்கிட் என்பதும், பசியாறுவது என்றால் காலை உணவு என்பதும் அவனுக்கு மாலையில்தான் விளங்கின.

பெட்டி வந்து சேர 10 மணி ஆயிற்று. அதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பழைய ஞாயிறு பள்ளித் தாள்களில் கப்பல் செய்ய வைத்து, ஒருவர்கூட எழுந்து ஓடாமல் பார்த்துக்கொண்ட இரண்டு அக்காமாருக்கு எங்கள் வணக்கம். அந்தப் பொறுமையை எங்கள் ஊர் ஞாயிறு பள்ளி இன்னும் கற்கவில்லை.

நல்ல சமாரியன் கதையை நான் சொன்னேன். அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்துச் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்த இடத்தில், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "அது எத்தன வெள்ளி, அண்ணே?" என்று கேட்டாள். ஒரு பணம் என்பது அக்காலத்தில் கூலியாளின் ஒருநாள் கூலி என்று விளக்கினேன். தகப்பனார் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பையன் ஒருவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து, சத்திரக்காரருக்கு அது பத்துமா என்று கேட்டான். எங்கள் ஊரில் பலமுறை சொன்ன கதைதான். சத்திரக்காரன் பக்கம் நின்று எவரும் என்னிடம் கேட்டதில்லை.

மதியம் எங்கள் தங்கை ஒருத்தி வாந்தியும் மயக்கமுமாகச் சாய்ந்துவிட்டாள். இரவுப்பணி முடித்துத் தூங்காமல் வந்திருந்த செவிலியர் அக்கா, உப்புச்சர்க்கரைக் கரைசல் புகட்டி, தம் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார். திரும்பி வந்ததும் சபையின் மூத்த பாட்டி, பினாங்குச் சாதிக்காய்த் தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அவள் வயிற்றில் தடவிவிட்டார். குணமாக்கியது மருந்தா தைலமா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தத் தங்கை பாட்டியின் கட்சி.

அந்தப் பாட்டியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த் அடங்கிய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டதையும், பின்னர் கரும்பு ரப்பராகவும் ரப்பர் செம்பனையாகவும் மாறியதையும் படித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் எங்கள் பக்கத்து ஊரான நாசரேத்துக்கு அருகிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒருவரின் மகள், தான் பிறந்த லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு இருந்த திசையைக் கைகாட்டிப் பேசும்போது, படித்ததைச் சொல்லிக்காட்ட எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. தகப்பனார் ஓயாமல் சொல்லிய நாசரேத்துக் கோயில் மணி எப்படிக் கேட்கும் என்று அவர் வினவினார். உங்கள் நேரம் இரவு எட்டரைக்கு, ஊரில் மாலை ஆறு மணிக்கு, எங்கள் குழுவின் நாசரேத்துத் தம்பி தன் அண்ணனைக் கோயில் வாசலில் நிற்கச் சொல்லிச் செல்பேசியில் அழைத்தான். பாட்டி செல்பேசியை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டார். மணி ஓய்ந்த பிறகும் நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரைக்குச் சட்ட வரம்புகள் உள்ள நாட்டில் எங்கே பேசலாம், எங்கே வாய் திறக்கக் கூடாது என்று முதல் மாலையே தெளிவாக உணர்த்திய போதகர் ஐயாவுக்கும், மூன்று வேளையும் அடுப்பைவிட்டு நகராத மாதர் சங்கத்து அம்மாமாருக்கும் எங்கள் நன்றி.

அம்மாமார் வழிச்சோறு கட்டித் தந்த தூக்குப் பாத்திரம் ஒன்று எங்களிடமே தங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு உங்கள் பக்கம் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புகிறோம். படகுத்துறையில் அட்டை தட்டிய ஐயாவை அறிந்தவர் யாரேனும் உங்களில் இருந்தால், பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, பிள்ளைகள் பொம்மலாட்டம் பார்த்தார்கள் என்று அவரிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் அன்பு மறவாத,
பாளையங்கோட்டை வாலிபர் குழுவின் பொறுப்பாளர்