உங்கள் கட்சிக்காரர் யார், திரு. மெக்லேன்?

மதிப்பிற்குரிய மைக்கேல் மெக்லேன் அவர்களுக்கு,

வணக்கம். வக்கீலிடம் வழக்கைக் கொடுத்தவரும் கட்சிக்காரர், அரசியல் கட்சியில் இருப்பவரும் கட்சிக்காரர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 2016-இல் நீங்கள், அப்போது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கீழவையின் சபாநாயகராக இருந்த மைக்கேல் மாடிகனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. காமன்வெல்த் எடிசன் என்ற மின் நிறுவனத்திடம் பணம் வாங்கி, அதற்காகச் சட்டமன்றத்தினரிடம் பேசிய லாபியிஸ்ட் நீங்கள். ஆனாலும் என் உண்மையான கட்சிக்காரர் சபாநாயகர்தான் என்று அதில் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் மிசிசிப்பிக் கரையிலுள்ள குவின்சி ஊர்க்காரர். அப்பா இருந்த சட்டமன்ற இடத்துக்கு 1970-களில் வந்தபோது உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இல்லினாய் கீழவையின் 177 இடங்கள் 118 ஆகக் குறைக்கப்பட்ட 1982 தேர்தலில் தோற்றீர்கள். பிறகு அதே கட்டடத்துக்கு லாபியிஸ்டாக வந்தீர்கள். மறு வருடமே நண்பர் சபாநாயகர். நடுவில் இரண்டு ஆண்டு போக, 2021 வரை அவர்தான்.

அவர் பெயரைக்கூட நீங்கள் தொலைபேசியில் பெரும்பாலும் சொன்னதில்லை. “நம்ம நண்பர்” என்பீர்கள். எஃப்.பி.ஐ. பதிவுசெய்த அந்த உரையாடல்கள்தான் நீதிமன்றத்தில் ஒலித்தன. சபாநாயகருக்கு வேண்டியவர்களுக்கு, பெரிதாக வேலை எதுவும் செய்யாமலே, மின் நிறுவனத்திடமிருந்து வேறொருவர் நிறுவனம் வழியாக 13 லட்சம் டாலர் போயிருந்தது. அந்த ஆண்டுகளில்தான் மின் கட்டணத்தைச் சூத்திரப்படி நிர்ணயிக்க வழிவிட்ட 2011-ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுநர் பாட் க்வின்னின் வீட்டோவை மீறி நிறைவேறியது. 2020-இல் மின் நிறுவனம் 20 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. லஞ்சக் குற்றச்சாட்டுகள் சில பின்னர் ரத்தானாலும், சதியும் பொய்க்கணக்கும் நின்றன. 2025 ஜூலையில் உங்களுக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

உங்கள் விசுவாசம் பொய் என்று நான் நினைக்கவில்லை. மாடிகன் குடும்பத்துக்காகப் பாலத்தில் துப்பாக்கியோடு நிற்பேன் என்று எழுதிய கை அது. செஞ்சோற்றுக் கடன் எங்களுக்கும் தெரியும். கர்ணனை நினைத்து அழுதவர்கள்தான் நாங்கள். ஆனால் கர்ணன் துரியோதனனுக்குக் கொடுத்தது தன் சொந்த உயிரை. நீங்கள் கொடுத்ததில் வட இல்லினாய்க் குடும்பங்களின் மின் கட்டணமும் இருந்தது. அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

உங்களுக்கு முதன்முதலில் சோறு போட்டது குவின்சி மக்களின் வாக்கு. அன்று வாக்களித்தவர்களில் சிலராவது இன்னும் அங்கே இருப்பார்கள். நண்பருக்கு எழுதியதுபோல், அவர்களில் ஒருவருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகன்