திரையில் 360, மரத்தில் 356.4: ரோட்டரி இணைப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மரச்செதுக்குப் பட்டறை,
காமாட்சிபாளையா, பெங்களூரு.

பெறுநர்:
மேலாளர், சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: கணினி வழி மரம் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டருடன் வழங்கப்பட்ட ரோட்டரியை மாற்றித் தருவது அல்லது திரும்பப் பெற்றுக்கொள்வது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் பீனியா கிளையில் ஆவணி மாதம் வாங்கிய ரவுட்டரின் மூன்று அச்சுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவுப் பலகை, கட்டில் தலைப்பலகை எல்லாம் சுத்தமாக வருகின்றன. புகார் முழுவதும் நான்காவது அச்சை, அதாவது மரத்தைச் சுழற்றிக்கொடுக்கும் ரோட்டரியைப் பற்றியது. அந்த ரோட்டரிக்கு மட்டும் தனியாக 1,35,000 ரூபாய் செலுத்தியிருக்கிறேன். பீனியா கிளையில் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தேன், இந்தியிலும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மொழியிலும் வந்த பதில் ஒன்றுதான்: “உங்கள் டிசைன் ஃபைலைச் சரிபாருங்கள்.” ஆகவே தலைமை அலுவலகத்துக்கே தமிழில் எழுதுகிறேன்.

அல்சூரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பூஜை மண்டபத்துக்கு நான்கு தேக்குத் தூண்கள் செய்துதர ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் விட்டம், 900 மில்லிமீட்டர் உயரம். தூணைச் சுற்றி ஏறும் கொடி, அதில் ஆங்காங்கே கிளிகள். முதல் தூணிலேயே கொடி சுற்றிவந்து தன் தொடக்கத்தோடு சேரவில்லை. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர் அகலத்துக்கு உளி படாத பட்டை ஒன்று அப்படியே நிற்கிறது. கிளிகளில் ஒன்று சரியாக அந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது. கண் இருக்கிறது, பிறகு வெறும் மரம், அதற்கு அப்பால் அலகு. இதை எந்த வாடிக்கையாளரிடம் நீட்டுவது?

ஃபைலைச் சரிபார்த்துவிட்டேன். 150 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 471.24. டிசைனின் அகலமும் 471.24. அதை 360 பாகையாக மாற்றும் வேலையைச் செய்வது நீங்கள் கொடுத்த போஸ்ட் புராசஸர் மென்பொருள். அதுவும் சரியாகவே மாற்றுகிறது. அது எழுதும் கட்டளைகளின் கடைசி வரிகளில் 360 வரை எண்கள் ஒழுங்காக ஏறுகின்றன. அடுத்து, மரத்தையே கழற்றிவிட்டு, கட்டையைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் முகத்தில் ஒரு கோடு கிழித்து, 3600 பாகை சுற்றச் சொன்னேன். பத்து முழுச் சுற்று முடிந்து கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்க வேண்டும். 36 பாகை முன்னதாகவே நின்றுவிட்டது. அதாவது, சுற்றுக்கு 3.6 பாகை குறைவு. டிசைனும் இல்லை, மரமும் இல்லை; வெறும் சக் தானே சுற்றியபோது வந்த கணக்கு இது. (மரம் சுருங்கியிருக்கலாம் என்று உங்கள் கிளையில் ஒருவர் சொன்னார். நன்றாக உலர்ந்த தேக்கு ஒரே மதியத்தில் அந்த அளவு சுருங்குமானால் இந்த ஊரில் ஒரு கதவும் சாத்தாது.)

காரணத்தையும் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. மோட்டார் ஒரு சுற்று சுற்ற 2000 பல்ஸ் (மின்துடிப்பு). பெல்ட் விகிதம் 6:1. ஆக, சக் ஒரு சுற்று சுற்ற 12,000 பல்ஸ் வேண்டும். பாகைக்கு 33.333. மெஷினை இயக்கும் கண்ட்ரோலரில் உங்கள் ஆள் பதிந்துவைத்திருப்பது 33. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை யாரோ எழுதச் சோம்பல்பட்டதன் விலை என் தேக்குக் கட்டை. நானே திருத்திவிடலாம் என்றால் அந்தப் பக்கத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். எண்ணைப் பார்க்க முடிகிறது, மாற்ற முடியவில்லை. மீறி மாற்றினால் உத்தரவாதம் ரத்து என்று கையேடு எச்சரிக்கிறது.

இந்த எண்ணைத் திருத்துவதோடு விஷயம் முடிந்துவிடாது. மேலே பெல்ட் என்று எழுதினேன், கவனித்திருப்பீர்கள். உங்கள் விலைப்புள்ளியில் இருப்பது ‘ஹார்மோனிக் கியர், 50:1’. பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) அநேகமாக இல்லாதது என்பதற்காகத்தான் கூடுதல் விலைக்குச் சம்மதித்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் இருக்கின்றன. மோட்டாரில் மின்சாரம் ஓடி அது இறுகி நிற்கும்போதே, 100 மில்லிமீட்டர் சக்கைக் கையால் அசைத்தால் டயல் கேஜ் விளிம்பில் 0.35 மில்லிமீட்டர் காட்டுகிறது. 0.4 பாகை ஆட்டம். 150 மில்லிமீட்டர் தூணின் மேற்பரப்பில் அது அரை மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. தூணின் நீளவாக்கில் உளி ஓடும்போது சக் ஒரே திசையில் சிறுகச் சிறுக நகர்வதால் இந்த ஆட்டம் வெளியே தெரிவதில்லை. சுற்றுவாக்கில் போய் வந்து செதுக்கச் சொன்னால் இலை ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகிறது. இரண்டு விதமாகவும் செதுக்கிய துண்டுகளின் படங்களை இணைத்திருக்கிறேன். அருகருகே வைத்துப் பாருங்கள்.

கிளையில் எனக்குச் செய்துகாட்டியது 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறிய பிள்ளையார். அந்த விட்டத்தில் இதே ஆட்டம் 0.17 மில்லிமீட்டர்தான். பிள்ளையாரின் முதுகுப் பக்கம் வேலைப்பாடு ஏதும் இல்லாததால் சுற்று சேராததும் கண்ணில் படவில்லை. தெரிந்தே அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் 300 மில்லிமீட்டர் விட்டம் வரை செதுக்கலாம் என்று அச்சடித்து விற்பவர்கள் 50 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கின் முனையும் சக்கின் மையத்தைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கடைசல் பட்டறையில் உருட்டி வாங்கிய கட்டையில் ஒரு முனையில் 4 மில்லிமீட்டர் ஆழம் விழுந்தால் மறுமுனையில் 3.2தான் விழுகிறது. அடியில் தகடு வைத்துச் சரிசெய்யும் வேலைதான். பொருத்த வந்தவர் அதைக்கூடச் செய்யாமல் கையொப்பம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் கேட்பது இதுதான். விலைப்புள்ளியில் உள்ளபடி ஹார்மோனிக் கியர் ரோட்டரியைப் பொருத்தி, டெயில் ஸ்டாக்கை மட்டப்படுத்தி, 150 மில்லிமீட்டர் கட்டையில் முழுச் சுற்று செதுக்கி, இணைப்பு தெரியாமல் சேர்வதை என் பட்டறையிலேயே காட்டுங்கள். கண்ட்ரோலரின் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். வீணான தூணுக்குரிய மரத்தின் விலையையும் நீங்களே ஏற்க வேண்டும். இது முடியாதென்றால் ரோட்டரியை எடுத்துக்கொண்டு 1,35,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பெல்ட்டை இறுக்கிவிட்டுப் போகிறோம் என்ற பேச்சுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொழிலுக்கு வாங்கிய மெஷின், நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கிளையில் சொன்னார்கள். 2019 ஆம் ஆண்டுச் சட்டம், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. என் பட்டறையில் மெஷினை ஓட்டுபவன் நான் ஒருவன்தான். உங்கள் அலுவலகம் கோவையில் இருந்தாலும், நான் வசிக்கும் பெங்களூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அதே சட்டம் இடம் தருகிறது. அதுவரை போகாமல் முடித்துக்கொள்வதையே விரும்புகிறேன். கார்த்திகைக்குள் தூண்களை ஒப்படைத்தாக வேண்டும்.

விலைப்புள்ளி, பில், கண்ட்ரோலர் திரையின் படம், சக் சுற்றும் காணொளி ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மரச்செதுக்குப் பட்டறை, காமாட்சிபாளையா