ஆறாம் தேதி வரைக்கும் கிறிஸ்துமஸ்தான், அம்மா

பாஸ்டன்,
டிசம்பர் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் நல்ல சுகம். தினமும்தான் போனில் பேசுகிறோம். ஆனால் போனில் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, எனக்குப் பாதி சொல்ல வருவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பிக்கு அனுப்பினால் எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்துக் கொடுப்பான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

பண்டிகை அன்று பேசும்போது, "துக்க வருஷம், நட்சத்திரம் கட்டலை, பலகாரமும் சுடலை" என்றீர்கள். நான் சும்மா இருந்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால், இந்த ஒரு மாதமாக இங்கே நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும்.

"அது என்ன சபை, நம்ம சபைதானா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதன் பேர் எப்பிஸ்கோப்பல் சபை. நம் தென்னிந்தியத் திருச்சபைக்குப் பங்காளி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து இந்த நாட்டை ஆண்ட காலத்தில் இங்கேயும் இங்கிலாந்துத் திருச்சபைதான் இருந்தது. 1776-ல் இவர்கள் சுதந்திரம் அறிவித்த பிறகு சிக்கல் வந்தது. ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யாமல் லண்டனில் பேராயர் பட்டம் வாங்க முடியாது. சாமுவேல் சீபரி என்ற குருவானவர், அந்தச் சத்தியம் கேட்காத ஸ்காட்லாந்து பேராயர்களிடம் போய், 1784-ல் அபர்டீன் ஊரில் அபிஷேகம் பெற்று வந்தார். எப்பிஸ்கோப்பல் என்றால் பேராயர்கள் உள்ள சபை என்றுதான் அர்த்தம். நமக்கு 1947 ஆகஸ்டில் சுதந்திரம், செப்டம்பர் 27-ல் சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை. அந்தத் தேதியை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

முதல் நாள் போனபோது எனக்கு மனசு ஒட்டவில்லை. மெஞ்ஞானபுரம் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தக் கோயில் கைக்கடக்கமாகத் தெரிந்தது. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். குருவானவர் ஒரு பெண். அவர்களை என் மனசுக்குள் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். நம் ஊரில் குருவானவர்தான் ஐயர், ஐயரம்மா என்றால் அவருடைய வீட்டம்மா. இங்கே ஐயரே அம்மா. ஆங்கிலிக்கன் சபைகளில் உலகத்திலேயே முதல் பெண் பேராயர் இந்தப் பாஸ்டனில்தான் பட்டம் பெற்றார்கள், 1989-ல். பார்பரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. நம் சபைக்கு அது 2013-ல், ஆந்திராவில் நந்தியாலில் வந்தது. முதல் முறை ஐயரம்மா அப்பத்தை உயர்த்திப் பிடித்தபோது கண்ணீர் வந்தது. ஏன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மனசு ஒட்டியது, ஆராதனை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போதுதான். எல்லாரும் எழுந்து கை குலுக்கினார்கள். நான் பழக்கத்தில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி கொடுத்துவிட்டேன். வலது உள்ளங்கையை அவர்கள் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மேலே பொத்தி. பக்கத்தில் நின்ற வயதான அம்மா கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா என்னைத் தேடி வந்தார்கள். "நீ தென்னிந்தியத் திருச்சபையா?" என்றார்கள். 1950-ல் நம் சபை உண்டாக்கிய திருவிருந்து முறைமையைக் குருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறார்களாம். சமாதானத்தை ஆள்மாற்றி ஆள் கையில் கொடுக்கிற பழைய வழக்கத்தைச் சபைகள் திரும்பவும் கைக்கொள்ள நம்முடைய அந்த முறைமை ஒரு பெரிய காரணமாம். இவர்களுடைய ஜெபபுத்தகம் 1979-ல் வந்தது, அதிலும் இது உண்டு. அப்பா கேட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். சேகரம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்து படுத்திருப்பார்.

சரி, திருவருகைக் காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்துக்கு வருகிறேன். நம் ஊரில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. நட்சத்திரம், கேரல்ஸ், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் தாத்தா வேஷம், ஸ்பீக்கர். இங்கே கடைகளில் அப்படித்தான், இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் கோயிலுக்குள் கால் வைத்தால் ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, பூ இல்லை. பீடத்தில் நீலத்துணி. சில கோயில்களில் ஊதா போடுவார்களாம். "உன்னதங்களில் தேவனுக்கு மகிமை" பாடுவதை நாலு ஞாயிறும் நிறுத்திவிடுகிறார்கள். பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். மூன்று நீலம், ஒன்று மட்டும் ரோஜா நிறம். அது மூன்றாவது ஞாயிறுக்கு, சந்தோஷப்படுங்கள் என்கிற ஞாயிறு. முதல் வாரம் பாப்பா, "ஏம்மா பாட்டு பாடலை?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அந்த வயதான அம்மாதான் பதில் சொன்னார்கள்: "இன்னும் பிறக்கலையே கண்ணு."

இந்த ஊரிலேயே ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் குற்றமாக இருந்தது, தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள், பண்டிகை வேதத்தில் இல்லை என்று சொல்லி 1659-ல் சட்டம் போட்டார்கள். கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-ல்தான் அதை எடுத்தார்கள்.

டிசம்பரில் இங்கே சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும் அம்மா. ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி பார்த்தால் இருட்டில் போய் இருட்டில் வருவேன். அந்த இருட்டில், வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுவதைப் பார்க்கிறதற்கு வேறு அர்த்தம் வருகிறது. பாளையங்கோட்டை வெயிலில் எனக்கு அது புரிந்திருக்காது.

பீடத்தைக் கவனிக்கிற பெண்கள் குழு ஒன்று உண்டு. அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சமாதானம் கொடுத்தேனே, அந்த அம்மாதான் அதற்குத் தலைவி. எண்பது வயது தாண்டியவர்கள். நம் ஊர்க் கோயில்குட்டியார் மாதிரி, எந்தச் சாவி எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை காலையில் வெஸ்ட்ரி அறைக்குப் போவோம். (நாம் அறையைத்தானே வெஸ்ட்ரி என்போம்? இங்கே சேகரக் கமிட்டிக்கு அந்தப் பேர். முதல் வாரம் நான் முழித்தேன்.) அங்கே இரண்டு தொட்டி இருக்கிறது. ஒன்று சாதாரணத் தொட்டி. மற்றதற்கு மூடி போட்டிருக்கும். அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேராக மண்ணுக்குள் இறங்கும். திருவிருந்துப் பாத்திரம் கழுவின முதல் தண்ணீரையும், கிண்ணம் துடைத்த துணியை அலசின தண்ணீரையும் அதில்தான் ஊற்ற வேண்டும். துணியை இஸ்திரி போடும்போது மூன்றாக மடித்து, திருப்பி மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம் வரும். சிலுவை நடுக்கட்டத்தில் நிற்க வேண்டும். லிப்ஸ்டிக் கறை போக அந்த அம்மா எவ்வளவு பொறுமையாகத் தேய்ப்பார்கள் தெரியுமா? ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பழைய பித்தளைத் தண்டு கறுத்துப் போய்க் கிடந்தது. நான் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய்த் தேய்த்துக் காட்டினேன். அவர்கள் புளியை முகர்ந்து பார்த்து, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார்கள்.

கோயில் வாசலில் ஒரு காய்ந்த கிளையை நட்டு, அதில் சின்னச் சின்னக் காகிதம் கட்டியிருந்தார்கள். "பையன், 7 வயது, பனிக்குப் பூட்ஸ்." "பெண், 15, கோட்டு, நடுத்தர அளவு." பேர் கிடையாது. ஆளுக்கு ஒன்று எடுத்து, வாங்கிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உங்கள் மருமகன் அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினார். அப்புறம் மாதம் ஒரு தடவை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிறோம். நம் அசனத்துக்கு ஈடாகாது, பெரிய அண்டாவும் இல்லை, கிடாக்கறியும் இல்லை. ஆனாலும் என் எலுமிச்சைச் சோறு முதலில் காலியாகிறது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம்.

21-ம் தேதி சாயங்காலம் ஒரு ஆராதனை வைத்தார்கள். வருஷத்திலேயே நீண்ட இரவு அது. அந்த வருஷம் வீட்டில் ஆளை இழந்தவர்களுக்கு, பண்டிகை என்றாலே நெஞ்சு அடைக்கிறவர்களுக்கு என்று தனியாக வைக்கிறார்கள். அமெரிக்காவில் நிறையக் கோயில்களில் இது உண்டாம். நான் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மார்ச்சில் அப்பா போனபோது, ஒரு காகிதம் கைக்கு வராமல் என்னால் ஊருக்கு வர முடியவில்லை. குழியில் ஒரு பிடி மண் நான் போடவில்லை. ஒன்பது மாதமாக அதை யாரிடமும் பேசவில்லை, உங்களிடம்கூட.

இருபது பேர்தான் இருந்தோம். பாட்டு கொஞ்சம், மௌனம் நிறைய. பிரசங்கம் இல்லை. ஒரு தட்டில் மணல் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய், பேரைச் சொல்லி மெழுகுவர்த்தியை ஏற்றி மணலில் ஊன்ற வேண்டும். விருப்பமில்லாவிட்டால் பேர் சொல்லாமலும் வைக்கலாம். என் முறை வந்தபோது நான் பேர் சொல்லவில்லை. "அப்பா" என்றேன், தமிழில். மெழுகுவர்த்தியை ஊன்றும்போது விரலில் மணல் ஒட்டியது. அந்த மணலை நான் துடைக்கவில்லை. இருக்கைக்கு வந்து அதைக் கைக்குள் மூடிக்கொண்டு அழுதேன். ஒருவரும் வந்து தேற்றவில்லை, "அழாதே" என்று சொல்லவில்லை. அவர்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் சமாதானம். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் கணவரும் போன வருஷம்தான் போனார். வலது உள்ளங்கையை என் உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மேலே பொத்தினார்கள். நம்ம மாதிரி. மெலிந்த கை, ஆனால் நல்ல சூடு. மணல் அவர்கள் கையிலும் ஒட்டியது.

24-ம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் நாடகம். பாப்பா ஆட்டுக்குட்டி. என் பழைய சட்டையில் பஞ்சு ஒட்டி, இரண்டு நாள் பாடுபட்டேன். இரண்டாவது வரிசையில் பாட்டி இருக்கிற மாதிரி நினைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். மேய்ப்பர்களை விட்டுவிட்டு நேராகத் தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வீடியோவைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

நாடகம் முடிந்து எல்லாரும் போன பிறகு, ராத்திரி ஆராதனைக்குப் பாத்திரம் எடுத்து வைக்க நானும் அந்த அம்மாவும் நின்றோம். அதற்குள் வெள்ளைத் துணி விரித்து, பச்சைக் கிளைகள் கட்டி, கோயிலே மாறியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்தரை. ஊரில் காலை நாலு மணி, முதல் மணி அடித்திருக்கும். நீங்கள் குளித்து, ஈரத்தலையோடு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்துகொண்டிருப்பீர்கள், இந்த வருஷம் தனியாக. அதை அவர்களிடம் சொன்னேன். அவர்கள் குழாயை மூடிவிட்டு, "அம்மா கோயிலுக்குள் போய்ச் சேருகிற வரைக்கும் சும்மா நிற்போம்" என்றார்கள். இரண்டு பேரும் கையில் துணியோடு அப்படியே நின்றோம்.

ராத்திரி பதினொரு மணி ஆராதனையில் ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த "உன்னதங்களில்" பாட்டு வந்தது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து சின்ன மணி கொண்டுவந்து குலுக்கினார்கள். முடிவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முழங்காலில் நின்று பாடினோம். மறுநாள் காலை ஆராதனைக்குப் பதினைந்து பேர்கூட இல்லை, அது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் 25-ஓடு முடித்துக்கொள்வதில்லை அம்மா. நாலு வாரம் காத்திருந்தவர்கள் பன்னிரண்டு நாள் கொண்டாடுகிறார்கள். ஜனவரி 6, சாஸ்திரிகள் வந்த நாள் வரைக்கும் குடிலும் மரமும் அப்படியே இருக்கும். நேற்று அந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். கணவருடைய படத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, மரமும் வைத்திருக்கிறார்கள். துக்கம் தீரட்டும் என்று காத்திருக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அப்பா கட்டிய மூங்கில் நட்சத்திரம் பரணில்தான் இருக்கும், பழைய பாயில் சுற்றி வைத்திருப்பார். தம்பியை இறக்கச் சொல்லுங்கள். குச்சி உடைந்திருந்தால் சணல் வைத்துக் கட்டட்டும். காகிதம் நைந்திருக்கும், புதிதாக ஒட்ட வேண்டியிருக்கும். ஐந்து முனைக்கும் சிவப்பு, நடுவில் மஞ்சள், அப்பா அப்படித்தான் ஒட்டுவார். பலகாரம் வேண்டாம், வருகிற வருஷம் பார்த்துக்கொள்ளலாம். யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இருமலுக்கு அந்த மருந்தை விடாமல் குடியுங்கள். பாப்பா முத்தம் தரச் சொன்னாள்.

உங்கள் அன்பு மகள்